7 பேர், 19 நாள், ஒரு கேட்டமரான்: அட்லாண்டிக் கடந்ததைப் பற்றி மதுரையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 டிசம்பர் 2ஆம் தேதி, ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் லாஸ் பால்மாஸ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டோம். டிசம்பர் 21ஆம் தேதி கரீபியன் தீவான பார்படோஸில் நங்கூரம் போட்டோம். நடுவில் அட்லாண்டிக் பெருங்கடல். கேட்டமரான் என்னும் 14 மீட்டர் நீள இரட்டை உடல் பாய்மரப் படகில் நான், என் கணவர், அப்போது 12 வயதான மகள், 8 வயது மகன், கொழுந்தன், இவர்களோடு கேப்டன் அண்ணாச்சி, வேலைக்கு வந்த பாம்பன் தம்பி என்று 7 பேர்.

ஊர் திரும்பியதிலிருந்து அனுப்பானடியில் எங்கள் தெருவிலும், மகளின் பள்ளிக்கூட வாசலிலும், கல்யாணப் பந்தியிலும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. நின்ற இடத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலை இங்கே ஒரே இடத்தில் வைக்கிறேன்.

கேட்டமரான்னா நம்ம கட்டுமரம்தானே?

பெயர் நம்முடையது, படகு நம்முடையது அல்ல. ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையில் மீனவர்கள் மரத்தடிகளைச் சேர்த்துக் கட்டிக் கடலில் போவதைப் பார்த்து, 1697இல் வெளியான தன் பயணக் குறிப்பில் அந்தச் சொல்லை எழுதினார். பிறகு அந்தப் பெயர் இரண்டு உடல் கொண்ட படகுகளுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. நம் கட்டுமரத்துக்கு உள்ளும் வெளியும் கிடையாது. மரங்களை நெருக்கிக் கட்டிய மிதவை அது. இரண்டு ஒடுங்கிய உடல்களைத் தள்ளி வைத்து மேலே தளம் போடும் முறை, பசிபிக் தீவுகளின் பாலினேசியர்களுடையது. அவர்கள் அதில் ஆயிரக்கணக்கான மைல் போய்க் குடியேறினார்கள்.

பாம்பன் தம்பியின் தாத்தா கட்டுமரத்தில் தொழில் செய்தவர். லாஸ் பால்மாஸில் முதன்முதலாக எங்கள் படகைப் பார்த்ததும் அவன் கீழே குனிந்து இரண்டு உடல்களுக்கும் நடுவே வெகுநேரம் பார்த்தான். "கட்டு எங்கக்கா?" என்றான்.

படகு யாருது? நீங்க எப்படி அதுல போனீங்க?

கேப்டன் அண்ணாச்சியுடையது. தூத்துக்குடிக்காரர். என் கணவர் கப்பலில் இன்ஜினியர். அவர் ஜூனியராகச் சேர்ந்த முதல் கப்பலுக்கு அண்ணாச்சிதான் கேப்டன். ஓய்வு பெற்ற பின் ஐரோப்பாவில் பழைய கேட்டமரான் ஒன்றை வாங்கி, மூன்று வருடம் மத்தியதரைக் கடலில் ஓட்டிப் பழகினார். அதைக் கரீபியனுக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும் என்று என் கணவரைக் கூப்பிட்டார். குடும்பத்தோடு வந்தால் வருகிறேன் என்றார் இவர். என்னிடம் கேட்காமல் சொன்னதுதான். இரண்டு வாரம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஏத்தா, பிள்ளைகள எந்தத் தைரியத்துல கூட்டிட்டுப் போன?

இது என் மாமியார் கேட்டது. அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

தைரியம் வந்து நான் சம்மதிக்கவில்லை. என்னென்ன நடக்கலாம் என்று ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன செய்வோம் என்று எழுதச் சொன்னேன். எதிரே எழுத முடியாமல் நின்றது ஒன்றுதான்: பிள்ளை கடலில் விழுந்தால்?

படகு 7 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 7 கடல்மைல், போனால் நொடிக்கு மூன்றரை மீட்டருக்கு மேல் நகர்கிறது. நம் வண்டியூர் தெப்பக்குளத்தின் ஒரு கரை ஏறக்குறைய 300 மீட்டர். அந்தத் தூரத்தை ஒன்றரை நிமிடத்துக்குள் தாண்டிவிடும். பாயை இறக்கி, திருப்பி, இன்ஜின் போட்டு வருவதற்கு எங்களுக்குப் பகலில், பழகிய பிறகும், ஐந்து நிமிடம் ஆனது. அலைக்கு நடுவே ஒரு தலை என்பது தேங்காய் அளவுதான். புறப்படுவதற்கு முன் மஞ்சள் வாளி ஒன்றைத் தண்ணீரில் போட்டுவிட்டு, கண்ணை எடுக்காமல் பார்க்கச் சொன்னோம். மகள் ஒரு நிமிடத்தில் அதைத் தொலைத்துவிட்டாள். அன்றைக்கு இரவு அவள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு நான் எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, விழுந்தால் என்ன செய்வது என்பதற்கல்ல, விழவே கூடாது என்பதற்குத்தான் எங்கள் விதிகள் எல்லாம். படகைச் சுற்றி இடுப்புயரத்துக்கு வலை கட்டினோம். வாசல் தாண்டி வெளியே வந்தால் பிள்ளைகள் உடம்பில் பெல்ட்டும், அதிலிருந்து படகில் மாட்டும் கொக்கிக் கயிறும் இருக்க வேண்டும். முன்னாலிருந்து பின்னால் வரை தளத்தில் இழுத்துக் கட்டிய பட்டையில் கொக்கியை மாட்டிக்கொண்டே நடப்பது. இருட்டிய பிறகு பெரியவர்கள்கூட இன்னொருவரை எழுப்பாமல் முன்தளத்துக்குப் போகக் கூடாது. ஆண்கள் ஓரத்தில் நின்று சிறுநீர் கழிக்கக் கூடாது. தனிப்படகுகளில் அப்படி ஆள் விழுவது உண்டு என்று அண்ணாச்சி முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

நீச்சல் தெரியணுமா?

தெரிந்தால் பதற்றம் குறையும். நான் 36 வயதில், மாமியார் ஊர்க் கிணற்றில், இடுப்பில் காலி கேன் கட்டிக் கற்றுக்கொண்டேன். ஆனால் நடுக்கடலில் உங்களைக் காப்பது நீச்சல் இல்லை, மேலே சொன்ன கொக்கி.

எந்த வழி? ஏன் டிசம்பர்ல?

கரீபியனில் புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. அது முடிந்த பிறகு, வடகிழக்கிலிருந்து விடாமல் வீசும் வியாபாரக் காற்று நிலைகொள்கிறது. கொலம்பஸ் காலத்திலிருந்து பாய்க்கப்பல்கள் போன வழி இதுதான். கேனரியிலிருந்து நேரே மேற்கே திருப்பினால் காற்றில்லாத இடத்தில் மாட்டிக்கொள்வோம். முதலில் தெற்கே இறங்கி, கேப் வெர்டே தீவுகளின் பக்கம் வந்து, காற்று முதுகில் விழுந்ததும் மேற்கே திரும்ப வேண்டும். வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, பிறகு வலப்பக்கம் திரும்பு என்று மாலுமிகள் சொல்வார்கள். எங்களுக்கு ஆறாம் நாள் உருகியது. அன்றைக்குப் போர்வைகளை மடித்து வைத்தோம்.

பாம்பன் தம்பி அந்தக் காற்றை வாடைக்கும் கொண்டலுக்கும் நடுவே என்றான். மொத்தம் ஏறக்குறைய 2,800 கடல்மைல் ஓடினோம். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர், ஐயாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். சராசரி வேகம் 6 நாட். நம் ஊரில் சைக்கிளை மெதுவாக மிதித்தால் வரும் வேகம். அந்த வேகத்தில் இரவும் பகலும் நிற்காமல் போவதுதான் கடலைக் கடப்பது.

ராத்திரி எங்க நிறுத்துவீங்க?

இதைக் கேட்காதவர்கள் இல்லை. எங்கேயும் நிறுத்த முடியாது. அந்த வழியில் ஆழம் நாலாயிரம், ஐயாயிரம் மீட்டர். நங்கூரச் சங்கிலி 80 மீட்டர்.

இரவு 6 மணியிலிருந்து காலை 6 மணி வரையிலான 12 மணி நேரத்தை, ஆளுக்கு 3 மணியாக நாலு பேர் பிரித்துக்கொண்டோம்: கணவர், கொழுந்தன், தம்பி, நான். அண்ணாச்சி எந்த முறையிலும் இல்லை. ஆனால் எவர் எப்போது எழுப்பினாலும் எழுந்து வருவார். எழுப்பினதற்காக ஒருநாளும் முகம் சுளிக்க மாட்டேன், எழுப்பாமல் விட்டால்தான் கோபப்படுவேன் என்று சொல்லிவைத்திருந்தார். முகம் சுளிக்கவும் இல்லை.

என் முறை 3 முதல் 6. சுக்கானைக் கையில் பிடிக்க வேண்டியதில்லை, ஆட்டோபைலட் பார்த்துக்கொள்ளும். நான் பார்க்க வேண்டியது காற்றின் வேகம், பாய், ரேடார், ஏஐஎஸ். பெரிய கப்பல்கள் தங்கள் பெயரையும் வேகத்தையும் திசையையும் ரேடியோவில் அனுப்பிக்கொண்டே போகும். அதைத் திரையில் காட்டுவதுதான் ஏஐஎஸ். ஆனாலும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். 15 நாட் வேகத்தில் எதிரே வரும் கப்பல், விளக்குத் தெரிந்த 20 நிமிடத்தில் நம் மேல் இருக்கும். ஆகவே சமையலறை டைமரை 10 நிமிடத்துக்கு வைத்து, அது அடிக்கும்போதெல்லாம் எழுந்து நாலு பக்கமும் பார்ப்பேன். மூன்று மணி நேரத்தில் 18 முறை. 19 நாளில் நாங்கள் நடுக்கடலில் கண்ணால் பார்த்த கப்பல் நாலே நாலு.

இந்தப் பயணத்தில் கஷ்டம் எது என்று கேட்டால் அலை என்று சொல்ல மாட்டேன். தூக்கம். துண்டு துண்டான தூக்கத்தில் மூன்றாம் நாள் எல்லாருக்கும் சிடுசிடுப்பு வந்துவிடும். பகலில் ஒருவர் தூங்கினால் அந்த அறைப்பக்கம் பிள்ளைகள்கூட மெதுவாக நடக்க வேண்டும் என்பதை, கொக்கி விதிக்குச் சமமாக வைத்தோம்.

ஆடாதா? வாந்தி வராதா?

வந்தது. எனக்கு இரண்டரை நாள், மகனுக்கு ஒரு நாள், மகளுக்கு வரவே இல்லை. நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் சின்னரிசைன் மாத்திரையைப் புறப்படுவதற்கு முதல் நாளே தொடங்கிவிட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் தங்காது. பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இஞ்சி மிட்டாயும் உப்பு பிஸ்கட்டும் உதவின.

கேட்டமரான் ஒருபக்கமாகச் சாயாது. மேசையில் வைத்த டம்ளர் அப்படியே நிற்கும். ஆனால் இரண்டு உடல்களுக்கும் நடுவே அலை புகுந்து தளத்தின் அடியில் அறையும். உலக்கையை யாரோ தலைமாட்டில் ஓங்கிப் போடுவது போல இருக்கும். நாலு நாள் அந்தச் சத்தத்துக்கு விழித்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாளிலிருந்து சத்தம் நின்றால் விழித்தேன்.

இத்தனை பேர் ஒரே வீட்டுல, சண்டை வராதா?

வந்தது. பெரிய சண்டை ஐந்தாம் நாள் சாயங்காலம்.

சாயாத படகில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒற்றை உடல் படகு, காற்று அதிகமானால் சாய்ந்து உங்களுக்குச் சொல்லிவிடும். கேட்டமரான் சொல்லாது. வேகம் கூடும், எல்லாம் நன்றாகப் போவது போலவே இருக்கும், ஓர் எல்லைக்கு மேல் பாய்மரமோ கயிறோ உடையும். கவிழ்ந்தால் தானாக நிமிரவும் நிமிராது. அதனால் காற்று 18 நாட் வந்தால் பாயில் ஒரு மடிப்பு, 25 வந்தால் இரண்டாம் மடிப்பு என்று எண்ணை வைத்தே பாயைச் சுருக்க வேண்டும். இருட்டுவதற்கு முன் காற்று எப்படி இருந்தாலும் ஒரு மடிப்பு, இது அண்ணாச்சியின் சட்டம்.

அன்றைக்குக் காற்று 14. என் கணவர், இப்போது சுருக்கினால் ஓர் இரவில் 20 மைல் குறைந்துவிடும், வேண்டாம் என்றார். அண்ணாச்சி சுருக்கச் சொன்னார். இவர் குரலை உயர்த்தினார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி பதிலுக்குக் கத்தவில்லை. "தம்பி, கரையில பேசியாச்சுல்ல" என்றார். லாஸ் பால்மாஸில் ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தோம்: கடலில் கேப்டன் சொல்வதே முடிவு, வாதம் மறுநாள் காலையில். இவர் வாயை மூடிக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்தார். இரவு 1 மணிக்கு மழைமேகத்தோடு 32 நாட் காற்று அடித்தது. மறுநாள் காலையில் வாதிட எதுவும் இருக்கவில்லை. அவராகவே அண்ணாச்சிக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

குடும்பத்தோடு போக நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மாமன் மச்சான், அண்ணன் தம்பி உறவெல்லாம் கரையில். படகில் முடிவு எடுப்பவர் ஒருவர். அவர் யார் என்பதை நங்கூரம் எடுக்கும் முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கணவனுக்கும் மனைவிக்கும் நடுவிலும் அப்படித்தான்.

வேலைக்கு வந்த தம்பி உங்களோடயேதான் இருந்தானா?

ஆமாம். படகில் நாலு அறை. ஒன்று அண்ணாச்சிக்கு, ஒன்றில் நானும் மகளும், ஒன்றில் கணவரும் மகனும், ஒன்று தம்பிக்கு. கொழுந்தன் கூடத்துச் சோபாவில் படுத்தான். சொந்தக்காரனைக் கூடத்தில் படுக்க விட்டு வேலைக்கு வந்தவனுக்கு அறையா என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். குடும்பம் என்றால் நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொள்ளலாம். அவன் எங்கே சாய்வான்? கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்க அவனுக்கு ஓர் இடம் வேண்டும்.

இன்னொன்றும் பேசிவைத்தோம். அவன் படகு வேலைக்கு வந்தவன், பிள்ளை பார்க்க வந்தவன் இல்லை. சம்பளம் நாள் கணக்கில், காற்றில்லாமல் நின்றாலும் உண்டு. திரும்பும் டிக்கெட் புறப்படும் முன்பே அவன் கையில். இதெல்லாம் சரியாக இருந்ததால்தான் அவன் மகனுக்குத் தானாகவே முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தான் என்று நினைக்கிறேன். இப்போது எங்கள் வீட்டுத் துணி காயும் கொடிகூட மகன் போட்ட கடல் முடிச்சில்தான் நிற்கிறது.

குடிக்க, குளிக்கத் தண்ணி?

தொட்டியில் 600 லிட்டர். அதோடு கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷின். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. வளிமண்டல அழுத்தத்தைப் போல 50 மடங்குக்கு மேல் அழுத்தி, மெல்லிய சவ்வு வழியே தள்ளினால் உப்பு நின்றுவிடும். கூரையில் இருந்த சோலார் தகடுகளின் மின்சாரத்திலேயே அது ஓடியது. முதல் வாரம் தினமும் நல்ல தண்ணீரில் குளித்தோம்.

8ஆம் நாள் அதன் பம்பில் கசிவைத் தடுக்கும் சீல் கிழிந்து உப்புத்தண்ணீர் பீறிட்டது. புறப்படும் முன் ஒரு பட்டறையில் கொடுத்துப் புது சீல் போட்டதாக எழுதி வாங்கியிருந்தோம். கழற்றிப் பார்த்தால் தேய்ந்த பழைய சீலே இருந்தது. கையிருப்பில் இருந்த மாற்று சீல் வேறு அளவு. என் கணவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். முடியவில்லை. உங்கள் கண் முன்னால் கழற்றி மாட்டாத எதையும் நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள். உதிரிப் பாகத்தை வாங்கினால் மட்டும் போதாது, ஒருமுறை மாட்டிப் பார்க்க வேண்டும்.

தொட்டியில் 260 லிட்டர், தனியாகக் கேன்களில் 140. மொத்தம் 400. இன்னும் 11, 12 நாள் வழி. 14 நாளுக்குக் கணக்குப் போடு என்றார் அண்ணாச்சி. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 3 லிட்டர் என்றால் நாளைக்கு 21. 14 நாளுக்கு 294. மீதி 106ஐத் தொடக் கூடாது. அந்தக் கணக்கைப் போடும்போது எனக்குப் பதற்றமே வரவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் வரும் தண்ணீரைக் குடத்தில் எண்ணிப் பிடித்து வளர்ந்தவள் நான். அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கும், துணி அலசிய தண்ணீரை வாசலுக்கும் ஊற்றிய வீடு எங்களுடையது. அண்ணாச்சி தண்ணீர்ப் பொறுப்பை அன்றைக்கே என்னிடம் கொடுத்துவிட்டார்.

குழாய் பம்பை அணைத்தோம். காலையில் ஆளுக்கு ஒரு பாட்டிலில் 2 லிட்டர், பெயர் எழுதி, மீதி சமையலுக்கு. பாத்திரம் கடல்நீரில். குளியல் கடல்நீரில், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. சோற்றுக்கு மூன்று பங்கு நல்ல தண்ணீரோடு ஒரு பங்கு கடல்நீர் சேர்த்தால் உப்பு போட வேண்டியதில்லை. குக்கரின் அடியில் கடல்நீரை ஊற்றி, உள்ளே வைக்கும் பாத்திரத்தில் மட்டும் நல்ல தண்ணீர் வைத்தேன். இட்லிப் பானையிலும் அப்படியே. ஆவியில் உப்பு ஏறாது.

13ஆம் நாள் மழை பெய்தது. முதல் ஐந்து நிமிடம் பாயில் படிந்த உப்பைக் கழுவிக்கொண்டு போகட்டும் என்று விட்டு, பிறகு பாயின் மடிப்பில் வடிந்ததை வாளியில் பிடித்தோம். 60 லிட்டர் தேறியது. அதில் 20 லிட்டரைத் தலைக்குக் குளிக்க ஒதுக்கினேன். பிள்ளைகள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சோறு?

ஐரோப்பாவுக்குள் பால் பொருளும் இறைச்சியும் நம் ஊரிலிருந்து கொண்டுபோகக் கூடாது. நெய்யை வீட்டிலேயே விட்டுவிட்டு இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், வத்தல், மிளகாய்த்தூள் எடுத்துக்கொண்டோம். அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் லாஸ் பால்மாஸில் கிடைத்தன. முட்டைக்கோஸ், பூசணி, வெங்காயம், உருளை மூன்று வாரம் தாங்கும். அட்டைப்பெட்டியைப் படகுக்குள் ஏற்றவே கூடாது, கரப்பான் முட்டை அதில்தான் வரும். வாழைத்தாரை வாங்கித் தொங்கவிட்டோம். 6ஆம் நாள் முழுத்தாரும் ஒரே நேரத்தில் பழுத்துவிட்டது. காலையில் தளத்தில் பறவைக்கோலா மீன்கள் விழுந்து கிடக்கும். சின்னதாக இருப்பதைத் தம்பி திரும்பக் கடலில் போட்டுவிடுவான், மற்றதை வறுப்பான்.

(குரலைத் தாழ்த்தி) அந்த மூணு நாள் என்ன செஞ்சீங்க?

மாதவிடாய்க் கப் பயன்படுத்தினேன்; இரண்டு மாதம் முன்பே வீட்டில் பழகிக்கொண்டேன். கழிவறையில் தாள், நாப்கின் எதையும் போட்டால் அடைத்துக்கொள்ளும், பிறகு அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும். நாப்கின்தான் என்றால் மூடிவைக்கும் தனி டப்பா வேண்டும். இரவுக் காவலை மாற்றிக்கொள்ளலாமா என்று அண்ணாச்சியிடம் நேராகவே கேட்டேன். இரண்டு இரவு அவரே நின்றார். பெண்கள் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. நம் கடற்படையின் 'தாரிணி' படகில் 2017–18இல் ஆறு பெண்கள் உலகத்தையே சுற்றி வந்தார்கள். அதே படகில் கேரளத்தின் தில்னா, புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி இருவர் மட்டும் 2024 அக்டோபரில் கோவாவில் கிளம்பி 2025 மே மாதம் திரும்பினார்கள்.

மேலுக்கு முடியாமப் போனா?

நடுக்கடலுக்கு ஹெலிகாப்டர் வராது. பக்கத்தில் போகும் சரக்குக் கப்பல்தான் ஆம்புலன்ஸ். ஆகவே போவதற்கு முன் எல்லாரும் பல் மருத்துவரைப் பார்த்தோம், முழு உடல் பரிசோதனை செய்தோம். மருந்துப் பெட்டி ஒன்றை மருத்துவர் எழுதிக்கொடுத்த பட்டியல்படி சேர்த்தோம். படகே ஆபத்தில் என்றால் அழுத்துவதற்கு இபிர்ப் என்ற கருவி இருக்கிறது. 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு நம் இடத்தைச் சொல்லும். அதோடு காற்றடைத்து விரியும் உயிர்காப்புத் தெப்பம். எங்களுக்கு நடந்தது, கொழுந்தன் கையில் கயிறு உரசிய காயம் மட்டும்.

வீட்டு நெனப்பு வரலையா? நாங்க கவலப்படுறது தெரிஞ்சுதா?

இதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

செயற்கைக்கோள் வழியே சிறு செய்தி அனுப்பும் கருவி ஒன்று இருந்தது. ஒரு செய்திக்கு 160 எழுத்து. தினமும் காலையில் நாங்கள் இருக்கும் இடத்தையும் "நலம்" என்ற சொல்லையும் வீட்டுக்கு அனுப்புவோம். அண்ணாச்சி தூத்துக்குடிக்கு அவர் மனைவிக்கு அனுப்புவார். அந்த மார்கழி முதல் தேதி, டிசம்பர் 17. மகள் சாக்பீஸால் தளத்தில் கோலம் போட்டாள். அலை தெறித்து அரை மணியில் போய்விட்டது.

மறுநாள் ஊரிலிருக்கும் என் உடன்பிறந்த தம்பியிடமிருந்து செய்தி: "தூத்துக்குடி நெல்லை வெள்ளம். மதுரை பரவாயில்லை." அடுத்தது: "காயல்பட்டினம் 95 செமீ மழை ஒரே நாளில்." அண்ணாச்சி மனைவிக்கு அனுப்பியதற்குப் பதில் இல்லை. இரண்டு நாள் பதில் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய்ப் பயணிகள் மாட்டிக்கொண்டதெல்லாம் எங்களுக்கு 160 எழுத்தில்தான் வந்தது.

நாங்கள் அட்லாண்டிக் நடுவே, வெயிலில், சீரான காற்றில் போய்க்கொண்டிருந்தோம். ஆளுக்கு இரண்டு லிட்டர் பாட்டிலைப் பத்திரமாக வைத்துக் குடித்துக்கொண்டிருந்தோம். கரையில் அவர் வீட்டுக்குள் தண்ணீர். எங்களுக்காக அவர்கள் கவலைப்பட வேண்டிய நாளில், நாங்கள் அவர்களுக்காகக் கருவியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

அண்ணாச்சி அன்றைக்கும் எப்போதும்போலச் சாயங்காலம் பாயில் மடிப்புப் போடச் சொன்னார். இரவு என் முறைக்கு 3 மணிக்கு எழுந்து வந்தபோது அவர் கூடத்தில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தார். தூங்கப் போங்கள் அண்ணாச்சி என்றேன். "நீ பாரும்மா, நான் சும்மா இருக்கேன்" என்றார். விடியும்வரை இருவரும் பேசவில்லை. டைமர் அடிக்கும்போது நான் ஒரு பக்கம் பார்த்தேன், அவர் மறுபக்கம் பார்த்தார்.

20ஆம் தேதி மதியம் செய்தி வந்தது. "மாடியில் இருக்கோம். பக்கத்து வீட்டு ஏழு பேரும் நம்மோட. குடிதண்ணி மட்டும் கொஞ்சம். கவலை வேண்டாம். நீங்க எங்க?" அதைச் சத்தமாக வாசித்தது என் மகள். அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு, நம் இடத்தை அனுப்பு என்றார். குடிதண்ணியை எப்படிப் பங்கு போட வேண்டும் என்று நான் இன்னொரு செய்தி அனுப்பினேன். எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

மறக்க முடியாத காட்சி?

டிசம்பர் 13 இரவு. அமாவாசை முடிந்த மறுநாள். மிதுனராசிப் பக்கத்திலிருந்து எரிகற்கள் பொழியும் ஜெமினிட் உச்சம். எந்த விளக்கும் இல்லாத வானம். பிள்ளைகளை எழுப்பிக் கொக்கி மாட்டி, படகின் முன்பக்கம் இரண்டு உடல்களுக்கும் நடுவே கட்டிய வலையில் படுக்க வைத்தோம். மகன் 100 வரை எண்ணிவிட்டுத் தூங்கிப்போனான். கீழே படகு கிழித்துப் போன இடமெல்லாம் தண்ணீரும் பொறிப்பொறியாக மின்னியது.

செலவு? விசா?

படகு எங்களுடையது அல்ல என்பதால், எங்கள் நாலு பேருக்கும் விமானம், விசா, காப்பீடு, சாப்பாட்டுப் பங்கு சேர்த்து 11 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். இந்த அளவில் புதுப் படகு பல கோடி.

கேனரிக்கு ஐரோப்பாவின் ஷெங்கன் விசா. பார்படோஸுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவைப்படவில்லை. பலர் மறப்பது திரும்பும் வழி: லண்டனிலோ அமெரிக்காவிலோ விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். அதை ஊரிலேயே வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

எங்க கத்துக்கலாம்?

கப்பலில் வேலை பார்த்தவர்களுக்கும் பாய் புதிதுதான். என் கணவர் முதலிலிருந்து கற்றார். சென்னையில் பாய்ப்படகுச் சங்கங்கள் இருக்கின்றன. நமக்குப் பக்கத்தில் ராமநாதபுரம் பிரப்பன்வலசையில் நீர் விளையாட்டுப் பயிற்சி உண்டு. கடல் எப்படி என்று முதலில் அங்கே பாருங்கள். அதற்குப் பிறகு மூன்று நாள், இரண்டு இரவு சேர்ந்தாற்போல் ஒரு படகில் இருந்து பாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போகும் முடிவை அதற்கு அப்புறம் எடுங்கள்.

பிள்ளைங்க படிப்பு?

இருவரும் அரையாண்டுத் தேர்வு எழுதவில்லை. தலைமையாசிரியர் முன்பே அனுமதி கொடுத்திருந்தார். மகள் தினமும் நண்பகலில் சூரிய உயரத்தை செக்ஸ்டன்ட் என்ற கோணமானியில் அளந்து, நாம் எந்த அட்சரேகையில் இருக்கிறோம் என்று அண்ணாச்சியோடு கணக்கிட்டாள். முதல் நாள் 60 மைல் தவறு. கடைசி நாள் 4 மைல்.

மறுபடி போவீங்களா?

அண்ணாச்சி வெள்ளம் வடிந்து வீட்டைச் சரிசெய்யப் பார்படோஸிலிருந்து முதல் விமானத்தில் ஊருக்கு வந்துவிட்டார். படகைப் பிறகு தம்பியும் அவருமாக கிரனடாவுக்குக் கொண்டுபோய்க் கரையேற்றினார்கள். அடுத்து பனாமா கால்வாய், பசிபிக் என்கிறார். மகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிய வேண்டும். பம்புக்குச் சரியான அளவு சீல் நாலு வாங்கி, அண்ணாச்சி கையாலேயே ஒன்றை மாட்டிப் பார்த்துவிட்டோம். மற்ற மூன்றும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன.